பழைய எஸ்டேட் கார்: பின்பக்கம்தான் முதல் வேலை

மார்ச் 8, சனி

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 1990ஆம் வருட வால்வோ 240 எஸ்டேட் (கூரை பின்வரை நீண்டு, சாமான் ஏற்ற பெரிய பின்கதவு உள்ள வகை), 2.3 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். 1974 முதல் 1993 வரை அடிப்படை மாறாமல் வந்த மாடல் என்பதால் ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும், பழைய வண்டி எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிலோமீட்டர் மீட்டர் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. உள்ளே இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதாகி உடைந்துவிடும், அதனால் அந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. படுத்துக்கொண்டு அடிப்பாகத்தைத்தான் பார்த்தேன். துரு தின்றிருக்கிறதா என்று ஜாக்கி வைக்கும் இடங்களில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், கெட்டியாக நின்றது. பெயின்ட் மங்கல், சீட் கிழிசல், அதெல்லாம் பரவாயில்லை. பின்னால் மட்டும் ஈர நாற்றம்.

மார்ச் 9, ஞாயிறு

பின்பக்க கார்ப்பெட்டை மொத்தமாக உருவினேன். ஸ்டெப்னி இருக்கும் குழியில் ஒரு விரல்கடை தண்ணீர், அதன்மேல் பழுப்பாக ஏடு கட்டியிருந்தது. மழை எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியாமல் மேலே எதையும் பூசக் கூடாது, அது என் உறுதியான கருத்து. தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியிலிருந்து ஹோஸ் பிடித்தேன், கீழிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே. மேலிருந்து விட்டால் எல்லாம் ஒரேயடியாக நனைந்து ஓட்டை எது என்றே புரியாது. இடது டெயில் லேம்ப் உயரம் வந்ததும் "அண்ணா, இங்கதான், இங்கதான்" என்று கத்தினான். கழற்றிப் பார்த்தால் லேம்ப்பைச் சுற்றி தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் காய்ந்து கையோடு உதிர்கிறது. இரண்டு பக்கமும் புதுசு போடவேண்டும்.

மார்ச் 15, சனி

இன்று எஞ்சின். சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாய்மேல் ஒரு ரப்பர் கையுறையை மாட்டினேன். அது உள்ளே இழுபட்டால் நல்லது, உப்பினால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் காற்று போக வழியில்லை என்று அர்த்தம். ஐந்து விரலும் விறைத்து நின்றது. இதை விட்டுவைத்தால் அந்த அழுத்தம் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும், அப்புறம் எஞ்சின் முழுக்க ஒழுகல்தான். எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் குழாய்களின் அடியில் இருக்கும் ஃப்ளேம் டிராப்பை (கிராங்க் கேஸ் காற்று வெளியேறும் வழியில் இருக்கும் சின்னத் தடுப்பு) தேடிப்பிடித்து எடுத்தேன், தார் மாதிரி அடைத்திருந்தது. புதுசு போட்டு, குழாய்களையும் கழுவி மாட்டியதும் கையுறை தொய்ந்து உள்ளே போனது!

வால்வுகளை பிஸ்டனோடு நேரம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை, ஆகவே மாற்றியாகிவிட்டது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, ஆனால் நடுரோட்டில் நிற்கத்தான் வேண்டும்.

மார்ச் 22, சனி

குழி காய்ந்தது. கம்பி பிரஷ், துரு மாற்றி, பிரைமர், பெயின்ட். நாள் போய்விட்டது.

மார்ச் 30, ஞாயிறு

பின் வைப்பர், நம்பர் பிளேட் லைட், கண்ணாடி ஹீட்டர் மூன்றும் வேலை செய்யவில்லை. மூன்றும் சேர்ந்து போனால் மோட்டாரைச் சந்தேகப்படாமல் பின்கதவின் கீல் பக்கம் பாருங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் அங்கே மடங்குகிறது, இத்தனை வருடத்தில் செம்பு அறுந்துவிடும். மேல் உறையைக் கீறியதும் நான்கு ஒயர் பிரிந்து நின்றது. நன்றாக வளையும் சிலிக்கான் ஒயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு சால்டர் செய்தேன், ஒட்டு மடிப்பில் வராமல் உள்ளே தள்ளி வைத்தேன். மூன்றும் உயிர் பெற்றன.

ஓட்டிப் பார்த்தபோது புகை வாசம் வந்தது. இதில் விளையாடக் கூடாது. எஸ்டேட் வண்டி ஓடும்போது அதன் தட்டையான பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழலும், கதவு ரப்பர் சரியில்லாவிட்டால் உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, நமக்குத் தெரிவது கூட வரும் மற்ற வாயுக்கள்தான். பின்கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன், கீழ் மூலையில் தடையே இல்லாமல் வந்துவிட்டது. சரிசெய்யும்வரை வண்டி நகராது.

ஏப்ரல் 6, ஞாயிறு

புது ரப்பர், சைலன்சர் இணைப்பில் புது கேஸ்கெட், பிரேக் ஆயிலும் மொத்தமாக மாற்றினேன், அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும் என்பதால். இப்போது தாள் எந்த மூலையிலும் பிடித்துக்கொள்கிறது. பின் சீட்டை மடித்து அலமாரியைப் படுக்க வைத்து ஏற்றினோம், கதவு முழுசாக மூடியது, உள்ளே புகை வாசம் துளியும் இல்லை. அடுத்து அந்த மீட்டர் பல்சக்கரம்.