பிள்ளை வலது பக்கமே பார்க்கிறாள், சீட்டிலும் வலது என்றே எழுதிவிட்டார்கள்

கைப்பிள்ளை எந்நேரமும் வலது பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டால், இறுகிப்போன தசை பெரும்பாலும் இடது கழுத்தில்தான் இருக்கும். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் சாய்வாக இறங்கும் தசை அது. அது சுருங்கினால் தலை அதே பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். டார்ட்டிகோலிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். எங்களுக்கு ஸ்கேன் சீட்டு எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் இது தெரிந்திருந்தால் கல்லிடைக்குறிச்சிக்கும் திருநெல்வேலிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்படி அலைந்திருக்க மாட்டோம்.

எனக்கு இது முதல் பிரசவம். பிள்ளை கடைசி வரை தலை திரும்பாமல் இடுப்பு கீழாகவே இருந்ததால் ஆபரேஷன். அம்மா வீட்டில் இருந்தேன். பால் கொடுக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. இடது மார்பில் சமர்த்தாகக் குடிப்பாள். வலது பக்கம் மாற்றிப் போட்டால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவாள். அங்கே குடிக்க அவள் இடது பக்கம் முகம் திருப்ப வேண்டும், அது அவளால் முடியவில்லை. இது பிறகு புரிந்தது. அப்போது வீட்டில் போட்ட தீர்ப்பு, "அந்தப் பக்கம் பால் ஊறல." பூண்டும் சுறாப்புட்டும் தின்று தீர்த்தேன்.

ஒரு மாதம் ஆகும் முன்பே, குளிப்பாட்டும்போது ஆச்சி விரலில் கட்டி தட்டுப்பட்டது. இடது கழுத்தில், சின்ன நெல்லிக்காய் அளவுக்கு, கெட்டியாக.

ஆச்சிக்குச் சந்தேகமே இல்லை, கைப்பிள்ளைக்கு வரும் சுளுக்குதான் என்றார். "உரம் விழுந்திருக்கு. சேலையில போட்டு நாலு உருட்டு உருட்டினா சரியாயிரும்." பக்கத்துத் தெருவில் உரம் எடுக்கிற அம்மா ஒருத்தர் உண்டு, கைராசிக்காரர் என்று பெயர். டாக்டர் பார்க்காமல் கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். "ஏட்டி, உன்னையும் நான்தான் உருட்டினேன், நீ என்ன கெட்டா போயிட்ட?" என்றவர் கொஞ்ச நாள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர் பிற்பாடு சொன்னது: தலை நிற்காத பிள்ளையைக் கழுத்துக்குப் பிடிமானம் இல்லாமல் உருட்டுவது ஆபத்து. கட்டி உள்ள தசையை அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

குழந்தை டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார், கண் அசைவைப் பார்த்தார், கால்களை மடக்கி விரித்துப் பார்த்தார். கழுத்துக்கு ஒரு ஸ்கேன், இடுப்புக்கு ஒரு ஸ்கேன் என்றார். கழுத்து இறுகிய பிள்ளைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்குமாம். இடுப்பு கீழாக இருந்து பிறந்த பிள்ளைக்குக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும் என்றார். வெளியே சீட்டு எழுதும் பெண்ணிடம், "வலது பக்கமேதான் பாக்குது" என்று அம்மா விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதைக் கேட்டு 'கழுத்து, வலது' என்று எழுதிவிட்டார்.

பாபநாசத்திலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஏறி, சேரன்மகாதேவி, பத்தமடை எல்லாம் தாண்டி, ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். கைப்பிள்ளைக்கு முன்னுரிமை என்று சுவரில் ஒட்டியிருந்தது. அது சுவருக்கு மட்டும் போல. எங்கள் முறை வந்தபோது அவளுக்குப் பசி. ஜெல்லியின் குளிர்ச்சி பட்டதும் வீறிட்டாள். ஸ்கேன் செய்தவர் வலது கழுத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கட்டி இந்தப் பக்கம்" என்றேன்.

"சீட்டுல ரைட்டுன்னு இருக்கேம்மா."

அவர் விரலைப் பிடித்து இடது கழுத்தில் வைத்தேன். ஒரு நிமிடம் அழுத்திப் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார். அப்புறம் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "டாக்டர்கிட்ட மாத்தி எழுதி வாங்கிட்டு வாங்க, சீட்டுல உள்ளதைத்தான் நாங்க எடுக்க முடியும்" என்றார். கட்டியைக் கையால் தொட்ட பிறகும்! போன் போட்டுக் கேளுங்கள் என்றோம். டாக்டர் எடுக்கவில்லை. வலது கழுத்து இயல்பாக உள்ளது என்று ரிப்போர்ட் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

இடுப்புக்கு இன்னொரு பதில் தயாராக இருந்தது. கைப்பிள்ளைக்கு இடுப்பு பார்க்கும் டாக்டர் அன்றைக்கு வரவில்லையாம். "எக்ஸ்ரே எடுத்துட்டுப் போங்க, ரெண்டும் ஒண்ணுதான்." ஒண்ணு இல்லை. இந்த வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், எக்ஸ்ரேயில் விழாது. நாலு முதல் ஆறு மாதத்துக்கு மேல்தான் எக்ஸ்ரேயால் பயன், அதற்கு முன் ஸ்கேன்தான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கு உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

அதனால் ஸ்கேனுக்குப் போகிறவர்கள் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். கழுத்துக்கு 'இரண்டு பக்கமும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தசையை மறுபக்கத்தோடு ஒப்பிட்டால்தான் தடிப்பு தெளிவாகத் தெரியும், அப்படி எழுதச் சொல்வதில் தப்பே இல்லை. கைப்பிள்ளைக்கு இடுப்பு ஸ்கேன் பார்ப்பவர் எந்தக் கிழமை வருவார் என்று போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

இரண்டாவது தடவை போனபோது வேறு சண்டை. பழைய பில்லில் என் பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்று இருந்தது. புதுச் சீட்டில் பிள்ளையின் பெயர். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று நிரூபிக்க டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள், அது கல்லிடைக்குறிச்சியில் பீரோவுக்குள் இருந்தது. புதுப் பதிவு, புது பில். சரி, எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது கவுண்டர் பெண் சத்தமாக வாசித்தார்: "ட்யூமர்னு போட்டிருக்கும்மா, சீக்கிரம் பெரிய டாக்டரைப் பாருங்க."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் போனிலேயே அழுதார். அன்று ராத்திரியே தட்காலில் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துவிட்டார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டெர்னோமாஸ்டாய்ட் ட்யூமர்னு பழைய பழக்கத்துல எழுதுவாங்க. தசை நார் தடிச்சிருக்கு, அவ்வளவுதான். புற்றுநோய் கிடையாது. சில மாசத்துல தானா கரையும்" என்றார். ஃபைப்ரோமேட்டோசிஸ் கோலை என்பது அதன் மருத்துவப் பெயர். அந்தப் பெயரையும் கவுண்டரில் நின்று போனில் தேடாதீர்கள்.

கட்டி கரைந்தாலும் தசை இறுக்கம் தானாகப் போய்விடும் என்று விடக் கூடாதாம். பிறந்து மூன்று மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே நேராகிவிடும். தள்ளிப்போடப் போட நாள் இழுக்கும். ஒரு வயதைத் தாண்டியும் இறுக்கம் போகாத சிலருக்குத்தான் ஆபரேஷன்.

பிசியோதெரபிக்கு எங்கே போவது என்று வழி காட்டியது ஆறு வாரத் தடுப்பூசிக்கு வந்த கிராம சுகாதார செவிலியர். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தை நலத் திட்டத்தில் டி.இ.ஐ.சி. என்று மாவட்டத் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் உண்டு, குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் அங்கேயே இருப்பார், காசு கிடையாது. எங்களைத் திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வரிசை உண்டுதான், காலையிலேயே போய்விட வேண்டும். மற்றபடி அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த பிசியோதெரபிஸ்ட் செய்த முதல் காரியத்தை நான் மறக்க மாட்டேன். எந்தப் பக்கம் என்று அம்மா ஒன்று சொல்ல, வீட்டுக்காரர் ஒன்று சொல்ல, என் பையிலிருந்த மை டப்பாவை வாங்கி, பிள்ளையின் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டைப் பெரிதாக வைத்தார். "இனிமே வலது இடதுன்னு யாரும் பேசாதீங்க. இந்தப் பொட்டு எப்பவும் மேல தெரியுதுல்லா? இது மெத்தையில படணும். அதுதான் நம்ம வேலை" என்றார். ஆச்சி வரைக்கும் எல்லோருக்கும் அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

பயிற்சி என்னவோ இரண்டுதான். முகவாயை மெல்ல இடது தோள் பக்கம் திருப்பி, நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பது ஒன்று. வலது காதை வலது தோள் பக்கம் சாய்த்துப் பிடிப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யும்போது இடது தோள் தூக்கிக்கொள்ளாமல் இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அதனால் ஒரு ஆள் போதாது. பால் குடித்த கையோடு செய்தால் கக்கிவிடும். முகம் நிறம் மாறினாலோ மூச்சு திணறினாலோ உடனே விட்டுவிட வேண்டும். பலத்தைக் காட்டும் வேலையே கிடையாது. என் மதினி போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இதப் பாத்து செஞ்சா போதும்" என்றார். அதிலிருந்த பிள்ளைக்கு இறுகியது வலது பக்கம். அப்படியே செய்திருந்தால் எங்கள் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழாகப் போயிருக்கும். எலும்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் பார்த்து, பிசியோதெரபிஸ்ட் கைபிடித்துக் காட்டிய பிறகுதான் வீட்டில் செய்ய வேண்டும்.

பயிற்சியைவிட மீதி நேரம் எப்படிப் போகிறது என்பதுதான் பெரிது. சுவர் அவளுக்கு வலது பக்கம் வருகிற மாதிரி படுக்கையைத் திருப்பிப் போட்டோம். ஜன்னல், ஃபேன், ஆட்கள் எல்லாம் இடது பக்கம். கிலுகிலுப்பை ஆட்டுவதும் அந்தப் பக்கமிருந்துதான். விழித்திருக்கும்போது ஆள் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டோம். பத்தமடைப் பாயில் போட்டால் வழுக்கியது, மேலே பழைய நூல் சேலையை விரித்ததும் சரியானது. தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

தொட்டிலில்தான் தகராறு. சேலைத் தொட்டிலில் போட்டால் உடம்பு குழிந்து, தலை பழைய பக்கமே விழுந்து, அசையவே முடியாது. "தொட்டில்ல தூங்காத பிள்ளை உண்டா?" என்று அத்தைக்கு வருத்தம். தொட்டிலில் ஆட்டித் தூங்க வைக்கலாம், தூங்கியதும் தரையில் போட்டுவிட வேண்டும் என்று உடன்படிக்கை ஆனது. அத்தை ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்த கடுகுத் தலையணையை டாக்டர் ஒரேயடியாக வேண்டாம் என்றார். கைப்பிள்ளைக்கு எந்தத் தலையணையும் கூடாது, மூக்கு அடைபட்டால் அதற்கு விலக்கத் தெரியாது. நடுவில் ஓட்டை போட்டு விற்கிற தலையணைக்கும் இதே பதில்தான். இதையெல்லாம் அத்தையிடம் சொல்லும் வேலையை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

ஒரு நாள் காலையில் துணி மடிக்கும்போது விரிப்பில் மை ஈஷியிருந்தது. ஆச்சிதான் முதலில் பார்த்தார். "பொட்டு அழிஞ்சிருக்குட்டி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து மை அழிந்திருக்கிறதா என்று பார்ப்பதே வீட்டில் எல்லோருக்கும் முதல் வேலை. வலது மார்பிலும் அப்புறம் அழாமல் குடித்தாள்.

இப்போது இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறாள். கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. இடுப்பு ஸ்கேன் வேறு இடத்தில் எடுத்தோம், நன்றாக இருக்கிறது. பின்தலை வலது பக்கம் லேசாகத் தட்டையாக இருப்பது மட்டும் பாக்கி. உட்கார்ந்து, தவழ்ந்து, தலை தரையில் படும் நேரம் குறையக் குறைய அதுவும் நிரம்பி வரும், தலை வடிவம் சரியாக மாட்டிவிடும் ஹெல்மெட் எல்லாம் இவளுக்குத் தேவையில்லை என்றார்கள். நடக்கத் தொடங்கும்போது ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாத் தலைச்சாய்வும் இப்படித் தசையில் வருவதில்லை. நன்றாக இருந்த பிள்ளைக்குத் திடீரென்று கழுத்து சாய்ந்தாலோ, காய்ச்சலோ விடாத வாந்தியோ கூட வந்தாலோ, இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்காமல் போனாலோ பயிற்சி, பொட்டு என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தவறான பக்கம் எடுத்த முதல் ஸ்கேனுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேனேஜர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். பில், சீட்டு, இரண்டு ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு, இந்த முறை டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஹைகிரவுண்டுக்குப் போகும்போது நேரில் போய் உட்காரப் போகிறேன்.