சத்தம் வருகிறது, படம் இல்லை

செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருந்தபோது திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு இருண்டுபோனது. குரல் மட்டும் நிற்கவில்லை. ரிமோட்டை அழுத்தினால் சேனல் மாறுகிறது, சத்தம் கூடுகிறது. படம்தான் இல்லை. டிவி வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. வாரண்டி 12 மாதம்.

43 அங்குல ஸ்மார்ட் டிவி. அந்த அளவில் கிடைத்ததிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது. பெட்டியில் போட்டிருந்த பெரிய எழுத்துகளை எல்லாம் படித்தவன், 1 ஜிபி ரேம் என்ற சின்ன எழுத்தை விட்டுவிட்டேன். இரண்டு ஆப் திறந்தால் மூன்றாவதுக்கு மூச்சு வாங்கும். அது பழகிவிட்டது, விடுங்கள்.

வாரண்டிக்குள்ளேயே ஒரு தடவை படுத்தியிருந்தது. லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ வரும். அதைத் தாண்டிப் போகாது. புகார் எண்ணுக்குப் பேசினால், பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துப் போடச் சொன்னார்கள். போட்டேன், அதே கதை. பில்லோடு சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் படமும் கேட்டார்கள். ஸ்டிக்கர் டிவியின் முதுகில் இருக்கிறது, டிவி சுவரில் மாட்டியிருக்கிறது. சுவருக்கும் டிவிக்கும் நடுவே போனை நுழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த படங்களில் ஒன்பதாவதுதான் தெளிவாக வந்தது. டிவி வாங்குகிறவர்கள் மாட்டும் முன்பே அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு நாள் கழித்து ஆள் வந்து மெயின் போர்டை மாற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இந்த முறை அப்படி முடியவில்லை. சர்வீஸ் சென்டரில் டிவியைப் பார்க்காமலே, போனிலேயே, "பேனல் போயிருக்கும்" என்றார்கள். பேனல் என்றால் படம் தெரியும் அந்தத் திரைதான். அதற்குச் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புது டிவியே வந்துவிடும். வேறொன்று வாங்குவதாக முடிவு செய்து, இதை யார் தலையில் கட்டலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

நண்பன் ஒருவன்தான் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னான். விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் மங்கலாக ஒரு முகம் அசைந்தது. டார்ச்சை நகர்த்தினால் தோள், அப்புறம் அடியில் ஓடும் எழுத்து. படம் இருக்கத்தான் செய்கிறது. அதைக் காட்டப் பின்னால் விளக்கு எரியவில்லை.

எல்இடி டிவி என்று நாம் சொன்னாலும் உள்ளே இருப்பது எல்சிடி பேனல். அது தானாக ஒளி விடாது. பின்னால் வரிசையாக எல்இடி பதித்த ஸ்ட்ரிப்புகள் இருக்கின்றன, ஒளி அங்கிருந்துதான் வருகிறது. என் டிவியில் அத்தனையும் சீரியல் விளக்கு மாதிரி ஒரே தொடர். ஒன்று அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும்.

மெக்கானிக் வந்து டிவியைத் திரை மேலே தெரிகிற மாதிரி மெத்தையில் படுக்க வைத்தார். சட்டத்தைக் கழற்றி, பேனலைத் தூக்கும்போது மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். கண்ணாடி அப்பளம் மாதிரி இருக்கிறது. ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன் கிழிந்தால் அப்புறம் நிஜமாகவே பேனல் போய்விடும். இதை வீடியோ பார்த்து நானே செய்யலாம் என்று காலையில் நினைத்தவன் நான். டெஸ்டரை ஒவ்வொரு எல்இடியாக வைத்துக்கொண்டே போனார். மற்றவை எரிந்தன. நடுவில் ஒன்று மட்டும் எரியவில்லை, அதன் மேல் கடுகளவு கருப்பு.

அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "மத்ததும் இதே வயசுதானே சார்" என்றார். ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து முழு செட்டையும் வாங்கி வந்து மாற்றினார். ஆன செலவு, பேனலுக்குச் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

படம் வந்ததும் அவர் முதலில் போனது செட்டிங்ஸுக்கு. பேக்லைட், அதாவது அந்தப் பின்விளக்கின் வெளிச்சம், 100-இல் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் தொட்டதே இல்லை. முழு வேகத்தில் எரிந்தால் எல்இடி சூடாகி ஆயுள் குறையும் என்று சொல்லி 60-க்கு இறக்கினார். இரண்டு நாள் மங்கலாகத் தெரிந்தது, அப்புறம் கண்ணுக்குப் பழகிவிட்டது.

ஒரே குறை, மூடும்போது உள்ளே தூசி ஒன்று மாட்டிக்கொண்டது. திரை வெள்ளையாக வரும்போது இடது ஓரம் கீழே ஒரு புள்ளி தெரியும். வேண்டுமென்றால் மறுபடி திறந்து துடைத்துத் தருவதாகச் சொன்னார். அந்தக் கண்ணாடியின் மறுமுனையை இன்னொரு தடவை பிடிக்க எனக்குத் தைரியமில்லை. புள்ளி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.