எஸ்.எஸ்.7 எம்.டி.பி. செய்முறைத் தேர்வு: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டல்

டர்பனில் நான் பணியாற்றும் தொலைத்தொடர்பு நிறுவனத்தில், தொழில்நுட்பராகச் சேர்ந்தவர்கள் சுவிட்ச் பிரிவுக்கு மாற வேண்டுமானால் எழுத்துத் தேர்வு ஒன்றிலும் செய்முறைத் தேர்வு ஒன்றிலும் தேற வேண்டும். செய்முறைத் தேர்வில், தொலைபேசி அழைப்புகளை அமைக்கும் செய்திகள் ஓடும் எஸ்.எஸ்.7 சிக்னலிங் வலையமைப்பில், அச்செய்திகளைக் கொண்டுசேர்க்கும் எம்.டி.பி. என்ற மூன்றடுக்குப் பகுதியை இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே புதிதாக அமைத்துக் காட்டுவதும், தேர்வாளர் வேண்டுமென்றே புகுத்தி வைத்த பழுதைக் கண்டுபிடிப்பதும் இடம்பெறும். இத்தேர்வை முடித்த பிறகு, சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளிலிருந்து தயாராகும் சிலருக்கு வார இறுதிகளில் பாடம் சொல்லி வருகிறேன். கட்டளைகளை மனப்பாடம் செய்வதிலேயே அவர்கள் பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுவதைப் பார்த்ததனால் இதை எழுதுகிறேன். கட்டளைகள் கருவிக்குக் கருவி மாறும். அவற்றின் பட்டியல் தேர்வு மேசையிலேயே இருக்கும். லிங்க் (இரு முனைகளுக்கிடையே செய்திகள் ஓடும் இணைப்பு) இப்போது எந்த நிலையில் நிற்கிறது, ஏன் அதற்கு மேல் நகரவில்லை என்று சொல்லத் தெரிந்திருப்பதைத்தான் தேர்வாளர் மதிப்பிடுகிறார்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பரிந்துரைகளில் க்யூ.701 முதல் க்யூ.707 வரை எம்.டி.பி.க்கு உரியவை. இவற்றில் க்யூ.702 சிறியது, 64 கிலோபிட் தடத்தைப் பற்றிய அந்தப் பகுதியை ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஒவ்வொரு லிங்க்கின் இயக்கத்தையும் கவனிக்கும் இரண்டாம் அடுக்கைச் சொல்லும் க்யூ.703, செய்திகளை வழிநடத்தும் மூன்றாம் அடுக்கைச் சொல்லும் க்யூ.704, லிங்க் சோதனையைச் சொல்லும் க்யூ.707 ஆகிய மூன்றையும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். க்யூ.703-இன் நிலைமாற்ற வரைபடங்களைப் பலரும் பயந்து தாண்டிவிடுகிறார்கள். என் கருத்தில் அவற்றைவிடப் பயனுள்ள பக்கங்கள் இத்தொகுப்பில் இல்லை.

லிங்க்கை இயக்கியவுடன் இரு முனைகளும் நிலையறிவிப்பு அலகுகளைப் பரிமாறிக்கொண்டு அலைன்மென்ட்டை, அதாவது ஒன்றோடொன்று இசைவதை, தொடங்குகின்றன. அதன்பின் வரும் ப்ரூவிங் என்னும் சோதனைக் காலம், 64 கிலோபிட் லிங்க்கில் சாதாரண முறையில் 8.2 நொடி, அவசர முறையில் 0.5 நொடி. சாதாரண முறையில் பிழை எண்ணிக்கை 4-ஐ எட்டினால் அந்தச் சோதனை முறிந்து மறுபடி தொடங்கும். 5 முறை முயன்றும் தேறாவிட்டால் லிங்க் சேவைக்கு வெளியே போய்விடும். சேவைக்கு வந்த பிறகு வேறொரு கணக்கு நடக்கிறது: பிழையான ஒவ்வோர் அலகுக்கும் எண்ணி ஒன்று கூடும், 256 அலகுகள் வந்து சேரும்போது ஒன்று குறையும், 64-ஐத் தொட்டால் லிங்க் விழும். ஆகவே, ப்ரூவிங்கைத் தாண்டாத லிங்க்கையும், தாண்டியபின் அவ்வப்போது விழும் லிங்க்கையும் ஒரே பழுதாகக் கருதக் கூடாது. இரண்டாவது வகையில் நான் முதலில் பார்ப்பது கடிகார ஒத்திசைவைத்தான். லிங்க்கைச் சுமக்கும் ஈ1 என்ற டிஜிட்டல் இணைப்பின் இரு முனைகளும் வெவ்வேறு கடிகாரங்களில் ஓடினால் ஸ்லிப் (பிட்டுகள் தவறுவது அல்லது இரட்டிப்பது) ஏற்பட்டு இப்படித்தான் தெரியும்.

அடுத்ததாக, இரு முனைகளிலும் ஒத்துப்போக வேண்டிய மதிப்புகள். ஈ1-இல் லிங்க் ஓடும் தடமான டைம்ஸ்லாட், லிங்க்கின் எண்ணான எஸ்.எல்.சி., எவ்வகை வலையமைப்பு என்று சொல்லும் நெட்வொர்க் இண்டிகேட்டர், இரு பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளின் முகவரிகளான பாயின்ட் கோடுகள், பிழைதிருத்த முறை ஆகியவை அவை. பாயின்ட் கோடு ஐ.டி.யு. முறையில் 14 பிட் நீளமுடையது. பன்னாட்டுக் கோடுகளை 3-8-3 என்று பிரித்து எழுதுவார்கள். முதல் மூன்று பிட் மண்டலத்தைக் குறிக்கும், ஆப்பிரிக்காவுக்கு அது 6. சில கருவிகள் ஒரே பதின்ம எண்ணாகக் கேட்பதால், 6-20-5 என்று தாளில் கொடுக்கப்பட்டால் 6×2048 + 20×8 + 5 = 12453 என்று கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். நெட்வொர்க் இண்டிகேட்டர் பன்னாட்டுக்கு 0, உள்நாட்டுக்கு 2.

தேர்வாளர்கள் விரும்பிப் புகுத்தும் பழுதுகள் இந்த மதிப்புகளில்தான் இருக்கும். டைம்ஸ்லாட் மாறியிருந்தால் அலைன்மென்ட்டே நடக்காது. ஆனால் நெட்வொர்க் இண்டிகேட்டரோ பாயின்ட் கோடோ தவறாக இருந்தால் இரண்டாம் அடுக்குக்கு அது தெரியவே தெரியாது. லிங்க் ஒழுங்காக அலைன்மென்ட் ஆகும், ப்ரூவிங்கும் தேறும். அதன்பின் மூன்றாம் அடுக்கு அனுப்பும் எஸ்.எல்.டி.எம். என்ற சோதனைச் செய்திக்குச் சரியான எஸ்.எல்.டி.ஏ. பதில் வராது. 4 முதல் 12 நொடி வரை காத்திருந்து இன்னொரு முறை அனுப்பிப் பார்த்து, அதற்கும் பதில் இல்லையென்றால் லிங்க் வீழ்த்தப்படும். பிறகு அது தானாக மீண்டும் எழும். இப்படிச் சீரான இடைவெளியில் எழுந்து விழும் லிங்க்கைக் கண்டால் கேபிளைத் தொட வேண்டாம். இரண்டு லிங்க்குகளும் ஒன்றாக இவ்வாறு ஆடினால், எஸ்.எல்.சி. 0-உம் 1-உம் குறுக்காக மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

செய்தியின் பைட்டுகளைக் கண்ணால் படிக்கும் பழக்கம் எழுத்துத் தேர்விலும் கைகொடுக்கும். ட்ரேஸில் (பிடித்துவைத்த செய்திகளின் பதிவில்), பதினாறடிமான முறையில், 85 02 40 01 30 என்று வருவதாகக் கொள்வோம். 85-இன் வலது பாதியான 5, இது அழைப்புகளை அமைக்கும் ஐ.எஸ்.யு.பி. நெறிமுறையின் செய்தி என்கிறது, இடது பாதியான 8-இன் மேல் இரண்டு பிட் 10, அதாவது உள்நாட்டு வலையமைப்பு. அடுத்த நான்கு பைட்டுகளும் சேர்ந்ததே ரூட்டிங் லேபிள், அதாவது செய்தியின் முகவரிப் பகுதி. சிறிய பைட் முதலில் வரும். 02-உம் 40-இன் கீழ் ஆறு பிட்டும் சேர்ந்து சேருமிடக் கோடு 2. 40-இன் மேல் இரண்டு பிட்டான 01-ஐக் கீழேயும், அடுத்த பைட்டான 01-ஐ அதற்கு மேலேயும் வைத்தால் அனுப்பிய கோடு 5. கடைசி பைட்டின் இடது பாதி, செய்தி எந்த லிங்க்கில் போகும் என்பதைத் தீர்மானிக்கும் எஸ்.எல்.எஸ்., இங்கே 3.

அந்த எஸ்.எல்.எஸ். நான்கு பிட் என்பதால் மதிப்புகள் 16. இரு முனைகளுக்கிடையிலான லிங்க்குகளின் தொகுப்பான லிங்க்செட் ஒன்றில் 16 லிங்க்குகளுக்கு மேல் வைக்க முடியாததற்கும் நான்கே பிட்டுள்ள எஸ்.எல்.சி.தான் காரணம். மூன்று லிங்க் வைத்தால் 16 மதிப்புகள் 6, 5, 5 என்று பிரியும். சமமாகப் பிரியாது என்பதை விடைத்தாளில் எழுதிக் காட்டுங்கள். ஐ.எஸ்.யு.பி. இந்த மதிப்பைப் பேச்சுத் தடமான சர்க்யூட்டின் எண்ணின் கீழ் நான்கு பிட்டிலிருந்து எடுப்பதும், பாயின்ட் கோடு பெரிதாக உள்ள எக்ஸ்சேஞ்சுக்கு இரட்டைப்படைச் சர்க்யூட்டுகள் உரியவை என்பதும் தெரிந்திருந்தால், ஒரே திசையில் அழைப்புகள் மிகுந்த பாதையில் இரண்டு லிங்க்குகளில் ஒன்று மட்டும் நிரம்புவது ஏன் என்று விளக்கிவிடலாம். லிங்க் ஒன்றுக்கு 0.2 எர்லாங் (ஐந்தில் ஒரு பங்கு நேரம் நிரம்பியிருக்கும் சுமை) என்று திட்டமிடுவது வழக்கம். ஒன்று விழுந்தால் மற்றது 0.4 சுமக்கும். அப்போது செய்திகள் மற்ற லிங்க்குக்கு மாறும் சேஞ்ச்ஓவரில், கடைசியாக ஏற்ற செய்தியின் எண்ணை இரு முனைகளும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதால், செய்தி தொலைவதும் இரட்டிப்பதும் தவிர்க்கப்படுகின்றன.

பிழைதிருத்த முறையைப் பற்றி ஒரு கேள்வி எப்படியும் வரும். ஒருவழித் தாமதம் 15 மில்லிநொடியை எட்டும் கண்டங்களுக்கிடையிலான லிங்க்குகளுக்கும், எல்லாச் செயற்கைக்கோள் லிங்க்குகளுக்கும் ஏற்பு வராத செய்திகளைக் கேட்காமலே மறுபடி அனுப்பும் தடுப்புச் சுழல் மறுஅனுப்பு முறை உரியது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். எனவே 15 மில்லிநொடி என்பது சுமார் 3000 கிலோமீட்டர். நம் முட்டுன்சினிக் கரையிலிருந்து மொரீஷியஸ் வழியாகக் கொச்சி செல்லும் சேஃப் கேபிளை எடுத்துக்கொண்டால், கொச்சி அந்த எல்லைக்கு நிச்சயமாக அப்பால் இருக்கிறது.

வீட்டில் பயிற்சி செய்ய ஆஸ்மோகாம் திட்டத்தின் எஸ்.டி.பி. (செய்திகளை இடையில் கைமாற்றும் முனை) மென்பொருளும் ட்ரேஸைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கும் போதும். இரண்டு மெய்நிகர் கணினிகளை, எஸ்.எஸ்.7 செய்திகளை ஐ.பி. வலையமைப்பில் கொண்டுசெல்லும் எம்3யுஏ வழியாக இணைத்துப் பாயின்ட் கோடு, ரூட் ஆகியவற்றைப் பழகலாம். ஆனால் எம்3யுஏ-வில் இரண்டாம் அடுக்கு என்பதே இல்லை. அலைன்மென்ட்டையும் ப்ரூவிங்கையும் காண ஈ1 அட்டை பொருத்திய கருவி வேண்டும் என்பதால், பணியிடத்து ஆய்வக நேரத்தை முழுவதும் அதற்கே ஒதுக்குங்கள். லோட் ஷெட்டிங் அட்டவணை அமலில் உள்ள நாட்களில் ட்ரேஸ் கோப்புகளை முன்பே மடிக்கணினியில் சேமித்து வைத்தால், மின்சாரம் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் பைட்டுகளைப் படித்துப் பழகலாம்.

தேர்வு மேசையில் அமர்ந்ததும் எதையும் மாற்றுவதற்கு முன் லிங்க், லிங்க்செட், ரூட் என்ற வரிசையில் மூன்றின் நிலையையும் காட்டச் சொல்லி, வந்ததைத் தாளில் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். லிங்க் சேவையில் இருந்தும் அழைப்பு போகவில்லையென்றால் சேருமிடத்துக்கான ரூட் வரையறுக்கப்பட்டிருக்கிறதா, இடையிலுள்ள எஸ்.டி.பி., டி.எஃப்.பி. என்ற வழித்தடைச் செய்தி அனுப்பித் தடைசெய்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் எதிர்முனையில் ஐ.எஸ்.யு.பி. இயங்குகிறதா என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மதிப்பை மட்டும் மாற்றி, ஏன் மாற்றினீர்கள் என்பதை அதன் எதிரே எழுதுங்கள். பழுது முழுவதும் தீராவிட்டாலும் அந்தத் தாளுக்கு மதிப்பெண் உண்டு.