தல்மூத் பக்கமும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவும்

யூதப் பள்ளிகள்ல டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ (ஒருத்தரோட வேலைகளைக் கம்ப்யூட்டர்ல சேர்த்து வைக்கிற தொகுப்பு) பத்தி பேச்சு வந்தா எனக்கு தல்மூத்ங்கிற யூத சட்ட விவாத நூலோட பக்கம்தான் கண்ணு முன்னாடி வருது. நடுவுல மூலம், ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு அறிஞர் ராஷியோட உரை, மறுபக்கம் அவருக்கு அப்புறம் வந்தவங்க அவரையே கேள்வி கேக்குற தோசஃபோத் உரைகள், 1520கள்ல வெனிஸ்ல டேனியல் போம்பெர்க் அச்சடிச்ச அந்த லேஅவுட்தான் இன்னிக்கும் ஓடுது. அப்போ ஒரு பையன் தோராவுல (யூதர்களோட வேதம்) ஒரு பகுதிக்கு எழுதின விளக்கம், டீச்சர் கமெண்ட், அடுத்த வருஷம் அவனே அதை மறுத்து எழுதினது, எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கிறது அவங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல.

ஹவ்ரூதான்னு ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து சத்தமா வாதாடிப் படிப்பாங்க, அதை மார்க் ஷீட்ல எப்படிங்க காட்டுறது? ஆடியோவா போட்டாதான் உண்டு. டீச்சர் ட்ரெய்னிங்லயும் அதேதான், பாடத் திட்டம், வகுப்பு வீடியோ, செஃபாரியாங்கிற யூத நூல்களோட இணையதளத்துல தொகுத்த மூலங்கள், ஏன் இப்படி நடத்தினேன்னு ஒரு விளக்கம்.

ஆனா நல்லா வந்ததை மட்டும் அடுக்கினா அது வெறும் ஷோகேஸ், சொதப்பின முதல் டிராஃப்டும் உள்ள இருக்கணும். அப்புறம் டெட்லைனை சனிக்கிழமை மட்டும் வைக்காதீங்க, அது சப்பாத்ங்கிற யூத ஓய்வு நாள், மரபைக் கண்டிப்பா கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் வீட்டுல யாரும் லேப்டாப்பைத் தொட மாட்டாங்க 😄