கரிசல் மண்ணில் சாய்ந்த தோட்டச் சுவர்: இடித்துக் கட்டிய அனுபவம்

ஆனி

கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சுவரில் கீறல் விழுவது பெரிய செய்தி இல்லை. ஆனால் எங்கள் பின்தோட்டத்துச் சுவர் கீறலோடு நிற்கவில்லை. சந்துப் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஐந்தரை அடி உயரத்துக்கு மூன்று அங்குலத்துக்கும் மேல் வெளியே போயிருந்தது. கீழ் வரிகளில் உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்ந்தது. சந்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இனியும் தள்ளிப்போட முடியாது.

பழைய சுவர் மண் சாந்தில் கட்டியது. பிற்காலத்தில் யாரோ அதன் மேல் சிமெண்டுப் பூச்சு பூசியிருக்கிறார்கள். பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, மண் சாந்து இளகிவிடும். இது ஒரு காரணம். பெரிய காரணம் கீழே இருந்தது. கீறலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அவ்வப்போது அளந்து தேதி எழுதி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் விரிந்தது. கார்த்திகையில் பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. சுவர் தானாக இப்படி மூச்சு விடாது. கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் வேம்பு வேறு கோடை முழுக்க ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அஸ்திவாரத்தை ஏற்றி இறக்கினால் எந்தச் சுவர் தாங்கும்?

ஆடி, முதல் பாதி

கொத்தனார் தேட ஆடி நல்ல மாதம். புது வீட்டு வேலையை ஆடியில் யாரும் தொடங்குவதில்லை என்பதால், மற்ற மாதங்களில் போனையே எடுக்காதவர்கள்கூட நேரில் வந்து பார்க்கிறார்கள். நமக்குச் சுவர்தானே, மாதம் பார்க்க வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தால் போதும்.

வந்தவர்களில் ஒருவர் சந்துப் பக்கம் முட்டுச் சுவர் கொடுத்துவிடலாம் என்றார். சந்து நம்முடையது இல்லை என்பதை அவர் யோசிக்கவில்லை. இன்னொருவர் இடித்துவிட்டு அதே அஸ்திவாரத்தின் மேல் ஹாலோ பிளாக் அடுக்கித் தருகிறேன், ஒரு வாரத்தில் முடியும் என்றார். இரண்டு பேருமே சுவரைத்தான் பார்த்தார்கள்.

நான் பேசி முடித்த கொத்தனார் வந்ததும் கடப்பாரை கேட்டார். சுவரின் காலடியில் ஒரு முழம் தோண்டி, மண்ணை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வேம்புக்கு என்ன வயசு, பக்கத்தில் யாராவது கிணறோ போரோ போட்டபோது சுக்கான் எத்தனை அடியில் வந்தது என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “சுவருல குத்தமில்ல சார். அது உக்காந்திருக்க எடந்தான் சரியில்ல. சுக்கான் வரைக்கும் எறங்கி தூண நிப்பாட்டணும். தூணு மேல பீமு, பீமு மேல சுவரு. மண்ணு தொடவே கூடாது.”

இந்த ஊர்க்காரர்களுக்குச் சுக்கான் தெரியும். கரிசலுக்கு அடியில் வெளுப்பாக, கட்டி கட்டியாக வரும் சுண்ணாம்புப் படிவம். மழைக்கும் வெயிலுக்கும் அது அசையாது. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குடம்போல் விரியும் பைல் (மண்ணுக்குள் இறக்கும் தூண்) முறையை வளர்த்தெடுத்தது. அதிலும் யோசனை இதேதான்: உப்பிச் சுருங்கும் மேல் மண்ணைத் தாண்டிப் போய் நில், மேலே வரும் பீமுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விடு. கொத்தனார் அதையெல்லாம் படித்தவர் இல்லை. வாங்கிய அடியில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

ஒப்புக்கொள்வதற்கு முன் அவர் கட்டிய சுவர் ஒன்றைப் பார்க்கக் கேட்டேன். போன மாதம் முடித்த பங்களாவைக் காட்ட வந்தார். அது வேண்டாம், நாலைந்து மழை பார்த்த சுவராகக் காட்டுங்கள் என்றேன். யோசித்துவிட்டு ஒரு தீப்பெட்டி ஆபீஸின் பின்பக்கம் கூட்டிப்போனார். நீளமான சுவர், பெயிண்ட் போயிருந்தது, கோடு கலையவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கூலியை இரண்டாகப் பிரித்துப் பேசினோம். இடிப்பதும் தோண்டுவதும் நாள் சம்பளம். பீமுக்கு மேல் வரும் வேலை சதுர அடிக் கணக்கு. தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவரை மொத்த ரேட்டுக்கு இழுத்தால், நஷ்டம் வரும் இடத்தில் குழியின் ஆழம் குறையும். அது மனித இயல்பு, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே வரும் வேலை நாள் சம்பளத்தில் நடந்தால் முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். பொருள் எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம்.

ஆடி, பதினெட்டுக்குப் பிறகு

சுவரைத் தள்ளிவிடாமல் மேலிருந்து வரி வரியாக இறக்கினார்கள். மண் சாந்து என்பதால் கரணையால் ஒரு தட்டுத் தட்டினாலே கல் சுத்தமாக வந்தது. பாதிக்கு மேல் நல்ல கல், தோட்டப் பாதைக்கு ஆகும் என்று தனியே அடுக்கி வைத்தேன். எல்லைக் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அது நகர்ந்தால் அப்புறம் சர்வேயர் பின்னால் அலைய வேண்டும்.

குழிகள் எட்டடிக்கு ஒன்று. பெரும்பாலும் ஐந்தடியில் சுக்கான் தட்டியது. வேம்பின் பக்கம் மட்டும் ஏழுக்கு மேல் போனது. மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கொத்தனார் கூடாது என்றார். வெட்டினால் இத்தனை வருடம் அது குடித்த ஈரம் மண்ணிலேயே தங்கி, மண் உப்பிக்கொண்டு மேலே தள்ளும். மரம் தப்பித்தது.

குழியின் அடியில் 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) ஒன்றரை அங்குல ஜல்லி போட்டுச் சமன் செய்து, அதன் மேல் கம்பி வலை, அதிலிருந்து ஒன்பது அங்குலத் தூண். கான்கிரீட் 1:1½:3, முக்கால் அங்குல ஜல்லி. குழியை மூடத் தோண்டிய கரிசலையே போடவில்லை. சரள் அடித்து, அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்தோம்.

பீம்தான் இந்த வேலையின் உயிர். தூண்களுக்கு நடுவில் மூன்று அங்குல உயரத்துக்கு மணலைப் பரப்பி, மேலே பாலிதீன் விரித்து, அதன் மேல் கம்பி கட்டி வார்த்தார்கள். இறுகிய பிறகு மணலைக் கம்பியால் குத்தி வெளியே இழுத்தோம். இப்போது பீம் அந்தரத்தில் நிற்கிறது. மண் எவ்வளவு உப்பினாலும் முட்டாது. பார்த்தவர்கள் எல்லாம் “கீழ மண்ணு போடாம விட்டுட்டாங்களே” என்று துக்கம் விசாரித்தார்கள். பாம்பும் எலியும் குடிவராமல் இரண்டு பக்கமும் கடப்பாக்கல் துண்டுகளைச் செங்குத்தாக நட்டு மறைத்தாயிற்று.

கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக்காற்றுதான் இங்கேயும். வார்த்த கான்கிரீட்டின் ஈரத்தைக் கண்முன்னே உறிஞ்சிவிடுகிறது. நாங்கள் வாங்கியது பி.பி.சி., அதாவது எரிசாம்பல் கலந்த சிமெண்ட். கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும், அதை 14 நாளாக நீட்டுவது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். சாக்கைச் சுற்றி, காலை, மதியம், சாயங்காலம் என்று நானே தண்ணீர் விட்டேன். இந்த வேலையை மட்டும் கூலிக்கு விடாதீர்கள். விட்டேன் என்பார்கள், சாக்கு காய்ந்து கிடக்கும்.

ஆவணி

செங்கல் லோடு இறங்கிய அன்றே சோதித்தேன். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து மண்ணில் போட்டால் உடையக்கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுத் தராசில் இன்னொன்றும் செய்யலாம். காய்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்தக் கல் வேண்டாம். மூன்று கிலோ கல் அறுநூறு கிராம் வரை குடிக்கலாம். எனக்கு வந்த சேம்பர் கல் (சேம்பர் சூளையில் சுட்டது) நானூறைத் தாண்டவில்லை.

சுவர் நாலரை அங்குலம்தான். தூண் தாங்குவதால் அது போதும். சதுர அடிக்கு ஐந்தரைக் கல் கணக்கு. டிரம்மில் குமிழி வருவது நிற்கும்வரை ஊறவைத்த கல்லைத்தான் கொத்தனார் தொட்டார். காய்ந்த கல் சாந்திலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடும். கலவை 1:6, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு. அதைப் போட்ட சித்தாள் அக்காவுக்குக் கை பக்குவம். மண்வெட்டியால் இழுத்துப் பார்த்தே தண்ணீர் போதும் என்று நிறுத்திவிடுவார். நான் ஒரு தடவை கூடக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா என்றதற்கு, “அண்ணாச்சி, நீங்க செடிக்கு ஊத்துங்க” என்றார்.

காற்றுக்குப் பயந்து ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் ஏற்றவில்லை. வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் பல் விட்டுக் கோர்க்காமல், அரை அங்குல இடைவெளி விட்டு நிறுத்தினார். வீடு ஒரு மாதிரி அசையும், மதில் ஒரு மாதிரி அசையும். கோர்த்துவிட்டால் ஒன்று மற்றதை இழுக்கும். மேல்தலையை நம் பக்கம் சரித்துக் கட்டினார். சந்துப் பக்கம் சொட்டினால் வம்பு.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இழுபறி. தோட்டப் பக்கம் பூசாமல், இணைப்பை மட்டும் பாயிண்டிங் செய்து கல் தெரிய விடலாம் என்றேன். “பூசாம விட்டா காசில்லாம நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க சார், எனக்கும் பேரு கெடும்” என்றார். கடைசியில் சந்துப் பக்கம் பூச்சு, என் பக்கம் பாயிண்டிங் என்று முடிந்தது. சந்துப் பக்கம் பூசிய மறுவாரமே ஒரு காதுகுத்துப் போஸ்டர் வந்து ஒட்டிக்கொண்டது.

புரட்டாசி

தண்ணீர் சுவரடியில் தேங்காமல் இருக்க, ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி பரப்பி, அதை ஒட்டி முன்பக்கத் தெருவை நோக்கி ஆழமில்லாத வாய்க்கால் எடுத்திருக்கிறேன். பாத்திகள் எல்லாம் ஜல்லிக்கு இந்தப் பக்கம். சுவரை ஒட்டி ஈரம் நிற்கும் எதையும் இனி வைப்பதாக இல்லை.

ஆடிப் பட்டம் போய்விட்டது. பாத்தி முழுக்க மண் குவியலாகக் கிடந்தது. கலவை போட்ட இடத்தில் சிமெண்டுத் தண்ணீர் இறங்கி மண் வெளுத்திருக்கிறது. ஏற்கனவே காரத்தன்மை உள்ள கரிசலுக்கு அது ஆகாது. அரை அடி மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்கிய சாணம் போட்டுக் கொத்தி வைத்திருக்கிறேன். தூண்களில் வார்க்கும்போதே விட்டுவைத்த கொக்கிகளில் கம்பி இழுத்தாயிற்று. ஒரு நல்ல மழை விழுந்ததும் அவரையும் பீர்க்கும் ஊன்ற வேண்டும்.