இறங்காமல் எழும்பும் பாடம்

அமெரிக்காவின் சான் ஹோசே நகரின் கிழக்குப் பகுதியில் ரீட்-ஹில்வியூ என்று ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. ஏறத்தாழ 3,100 அடி நீளத்தில் அருகருகே இரண்டு ஓடுபாதைகள். சுற்றிலும் வீடுகள், பக்கத்திலேயே ஈஸ்ட்ரிட்ஜ் வணிக வளாகம். அங்கே நான் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் மென்பொருள் துறையினர், அவர்களில் தமிழர்களும் உண்டு. செஸ்னா 172 விமானத்தில் பழகித் தனியார் விமானிச் சான்றிதழ் வாங்குவது அவர்கள் நோக்கம். அதை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்ட முடியாது. ஆனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மான்டரே வரை பறந்து வரலாம்.

வந்தவுடன் எல்லோரும் கேட்பது, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதுதான். அமெரிக்க விதிப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி பயிற்றுநருடன், 10 மணி தனியாக. ஆனால் பெரும்பாலோருக்கு 60 மணியைத் தாண்டிவிடுகிறது. இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். 40 என்ற எண் ஒருவர் மனத்தில் உட்கார்ந்துவிட்டால், பிறகு அவர் விமானத்தை அவசரமாகத்தான் ஓட்டுவார்.

மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பதில் மிகக் கடினமானது தரையிறங்குவது அல்ல, இறங்காமல் விடுவது. ‘கோ-அரவுண்ட்’ என்போம். ஓடுபாதையை நெருங்கும்போது உயரம் கூடுதலாகவோ வேகம் அதிகமாகவோ இருந்தால், அல்லது பக்கக்காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டே போனால், முயற்சியைக் கைவிட்டு மேலே எழும்பி இன்னொரு சுற்று வர வேண்டும்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது கை, கால், மனம் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளியவுடன் விமானத்தின் மூக்கு தானாகவே மேலே தூக்கும். மூக்கை ஒரே நிலையில் நிறுத்த உதவும் ட்ரிம்மை இறங்குவதற்காகச் சரிசெய்து வைத்திருப்போம், அது அப்படி இழுக்கிறது. நல்ல பலத்தோடு முன்பக்கம் அழுத்திப் பிடிக்காவிட்டால் வேகம் குறைந்து ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கைகள் விமானத்தைத் தாங்காது. அதே நொடியில் விமானம் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், ரடர் என்னும் வால் சுக்கானின் வலது மிதியை மிதிக்க வேண்டும். இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவைத்த ஃப்ளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் கீழே அமுங்கும். முதலில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, வேகம் மணிக்கு 60 கடல் மைலுக்கு வந்து உயரமும் கிடைக்கத் தொடங்கிய பிறகு 10, அதன் பிறகே முழுவதும். ரேடியோவில் பேசுவது கடைசி வேலை. பலர் முதலில் மைக்கைத் தேடுகிறார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் காத்திருப்பார், விமானம் காத்திருக்காது.

இவற்றைக் கைகள் சில பாடங்களில் பழகிவிடும். மனம்தான் இணங்காது. எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அரைக்கிணறு தாண்டுவதைப் போல ஒரு பிழை இல்லை என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஓடுபாதை கண்ணெதிரே இருக்கும்போது அதை விட்டுவிட்டு எழும்புவது தோல்வியாகப்படுகிறது. போதாததற்கு வாடகை நேரத்தைக் கணக்கிடும் ஹாப்ஸ் மீட்டர் வேறு ஓடிக்கொண்டிருக்கும். அது ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை நகரும். இன்னொரு சுற்று என்றால் இன்னும் கொஞ்சம் வாடகை. அந்தக் கணக்கும் சேர்ந்து விமானத்தைக் கீழே இழுக்கிறது.

அதனால் நான் வழக்கத்தையே மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறை ஓடுபாதையை நோக்கித் திரும்பியதும், “இறங்குவதற்கு என்ன காரணம்?” என்று கேட்பேன். வேகம் சரி, உயரம் சரி, ஓடுபாதை காலி என்று மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் எழும்ப வேண்டியதுதான். இறங்குவதற்குத்தான் காரணம் வேண்டும், எழும்புவதற்கு வேண்டியதில்லை. நான் சொல்லாமல் தானாகவே எழும்பியவர்களின், பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கில் அதைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

என் மாணவி ஒருவர் மதுரைக்காரர், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அவர் முதன்முதலாகத் தனியே பறந்த ‘சோலோ’ அன்று நான் விமானத்திலிருந்து இறங்கிக் கையடக்க ரேடியோவுடன் ஓரமாக நின்றேன். பயிற்றுநரின் எடை குறைந்தவுடன் விமானம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறும், இறங்கும்போதும் லேசில் அமராமல் மிதக்கும். இதை முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் முதல் முறை மிக உயரமாகவே வந்தார். எஞ்சின் ஓசை கூடியது. சற்று நேரம் கழித்து நிதானமான குரலில் “கோயிங் அரவுண்ட்” என்றார். சுற்றி வந்து இறங்கினார், பிறகு வழக்கப்படி இன்னும் இரண்டு முறை. “முதல் தடவையே சொதப்பிவிட்டேனே சார்” என்று கண் கலங்கினார். “இன்று நீங்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான் அம்மா” என்றேன். மனமாரச் சொன்னேன். சோலோ முடித்தவரின் சட்டையின் பின்பகுதியை வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டுவது இங்கே மரபு. அந்தத் துணியில் தேதிக்குக் கீழே கோ-அரவுண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

செய்முறைத் தேர்விலும் கோ-அரவுண்ட் தனிப் பகுதியாகவே இருக்கிறது. 2016 ஜூன் முதல் நடப்பில் உள்ள தேர்வுத் தரங்கள் திறமையை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஆபத்தை எப்படி எடைபோடுகிறார் என்பதையும் பார்க்கின்றன. நல்ல மாற்றம் என்பேன்.

அந்த மதுரை மாணவியின் தேர்வு நாள் வந்தது. பல வாரங்கள் காத்திருந்து கிடைத்த தேதி, தேர்வு நடத்தும் தேர்வாளருக்கான கட்டணமும் சிறிது அல்ல. வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் மேகம் 2,000 அடியில் நின்றது. அங்கே மேகத்துக்குக் குறைந்தது 500 அடி கீழேதான் பறக்கலாம். ஸ்டால் பயிற்சிகளோ தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழே இறங்காமல் முடிய வேண்டும். இடமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மேகம் உயரும் என்று காத்திருந்தார், உயரவில்லை. “இன்று வேண்டாம்” என்று தேர்வாளரிடம் அவரே சொல்லிவிட்டார். இது தோல்வி ஆகாது. தேர்வு இடையில் நிறுத்தப்பட்டதாக ஒரு கடிதம் தருவார்கள். முடித்த பகுதிகள் 60 நாட்களுக்குச் செல்லும்.

அந்த அவகாசத்துக்குள் இன்னொரு தேதி கிடைத்தது. தேர்ச்சி பெற்று, 120 நாட்களுக்குச் செல்லும் தற்காலிகச் சான்றிதழுடன் வந்தார். ரைட் சகோதரர்களின் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை பின்னால் தபாலில் வரும். கணவரையும் மகளையும் முதன்முதலாக ஹாஃப் மூன் பே என்ற கடலோர ஊருக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டிருந்தார். அன்று காலை கடற்கரை மூடுபனி விலகவில்லை. கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் லிவர்மோருக்குப் போய்விட்டு வந்தார்கள்.