தட்டுல ஒரு அரசமரம்: மொட்டமாடி நாட்குறிப்பு

பிப்ரவரி 11
காலைல மாடிக்கு போனா, தட்டுல குட்டியா வளக்குற என் போன்சாய் அரசமரம் மொத்தமா மொட்ட. நேத்து வரைக்கும் ஏழெட்டு மஞ்ச இலை தொங்கிட்டு இருந்துச்சு, அதையும் ராத்திரி காத்து கொண்டுபோயிருச்சு. போன வருஷம் இதே நேரம் நான் பண்ண கூத்து இருக்கே, ஐயோ, செத்துருச்சுன்னு பயந்து காலைல ஒரு சொம்பு சாயங்காலம் ஒரு சொம்புன்னு ஊத்தி, இலையே இல்லாத மரம் அவ்ளோ தண்ணிய வெச்சு என்ன பண்ணும், பாதி வேர் அழுகி மண்ணு சாக்கடை மாதிரி நாறுனப்புறம் தான் மண்டைல ஏறுச்சு. இந்த தடவ விளக்கமாத்துக் குச்சி தான் டாக்டர். ஓரமா சொருகி பத்து நிமிஷம் கழிச்சு உருவி கன்னத்துல வெச்சு பாப்பேன். சில்லுன்னு இருந்தா தண்ணி கிடையாது.

பிப்ரவரி 24
ஒரு கிளைய நகத்தால லேசா கீறுனேன். உள்ள பச்ச, ஒரு பொட்டு பால். போதும்.
அம்மாயி படி ஏறி வந்து பாத்துட்டு, "ஏங்கண்ணு, கோயில்ல இருக்க வேண்டியத தட்டுல வெச்சிருக்க, வீடு வெளங்குமா?"ன்னு கேட்டுச்சு. போன்சாய்னாலே தட்டுல நட்டதுன்னு தான் அர்த்தம் அம்மாயின்னேன். ரசிக்கல. நான் வெக்கலன்னாலும் இது நம்ம வீட்ல தான இருந்துச்சு, ஆறு வருஷம் முன்னாடி தண்ணி டேங்க் சுவத்து வெடிப்புல இருந்து பிடுங்குனது.

மார்ச் 3
மொட்டு நுனி வீங்கி ரோஸ் கலர் தெரியுது, அதனால இன்னிக்கே மண்ணு மாத்திட்டேன். இலை விரிஞ்சப்புறம் வேர்ல கை வெச்சா மரத்துக்கு ரெட்டை வேலை. வேர்ல மூணுல ஒரு பங்கு வெட்டுனேன், அழுகுனது எல்லாம் கருப்பா தோல் உரிஞ்சு கையோட வந்துருச்சு. செங்கல் உடைச்சு சலிச்சது, ஆத்து மணல், கொஞ்சமா மண்புழு உரம். ஓட்டைக்கு கொசுவலைத் துண்டு. மரம் ஆடாம இருக்க ஓட்டை வழியா கம்பி விட்டு கட்டியாச்சு, ஆடுனா புது வேர் அறுந்துரும்.

மார்ச் 19
விரிஞ்சிருச்சு! முதல்ல வால் மாதிரி நுனி தான் எட்டிப் பாக்குது, அப்புறம் இலை, புளி போட்டு விளக்குன செம்பு நிறம். ஒரே சங்கடம், வேர் வெட்டுனதால நிழல்ல வெக்கணும், நிழல்லயே வெச்சா இலை உள்ளங்கை அகலம் ஆயிரும். நாளைல இருந்து காலை வெயில் மட்டும்.

மே 8
கத்திரி. காலைலயும் சாயங்காலமும் தண்ணி. தளம் கொதிக்குதுன்னு பலகைக்கு மேல ஈரச்சாக்கு போட்டு வெச்சிருக்கேன். போர் தண்ணி உப்பு தட்டு ஓரத்துல வெள்ளையா பூக்குது, மழை பேஞ்சா பக்கெட்ல பிடிக்கணும்.
ஃப்ரெண்டு ஒருத்தன் ஆன்லைன்ல ஜப்பான் மேப்பிள்னு ஒரு குளிர் ஊரு மரம் வாங்கி சேலத்துல வெச்சு கருக்கிட்டான், இப்ப 20 கொண்டை ஊசி வளைவும் ஏத்தி ஏற்காட்டுல அவங்க அத்தை வீட்ல விட்டுட்டு வந்துருக்கான். அங்கயும் சந்தேகம் தான். மேப்பிளுக்கு நல்ல குளிர்ல தூங்கி எந்திரிக்கணும். நம்ம அரசு இலை உதிர்க்குறது வறட்சிக்கு, இந்த ஊரு கணக்கு அதுக்கு தெரியும்.

ஜூன் 16
காம்ப விட்டுட்டு இலைய எல்லாம் கத்தரிச்சேன், அடுத்து வர்றது சின்னதா வரும். பலமா இருக்குற மரத்துக்கு மட்டும் தான் இத பண்ணலாம், அதனால போன வருஷம் தொடவே இல்ல. கையெல்லாம் பால் பிசுக்கு, தேங்காயெண்ணெய் போட்டு தேச்சும் போகல.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. கிளைய வளைக்க சுத்துன காப்பர் கம்பிய மறந்தே போயிட்டேன், மழைல கிளை பருத்து பட்டைக்குள்ள கம்பி பதிஞ்சிருச்சு. சுத்தி எடுத்தா பட்டை கிழியும்னு கட்டிங் பிளேயரால துண்டு துண்டா நறுக்குனேன். ஸ்க்ரூ மரை மாதிரி தழும்பு. அசிங்கம், முழுக்க என் தப்பு.

நவம்பர் 12
மழை. தட்டுக்கு ஒரு பக்கம் செங்கல் முட்டு, தண்ணி வடியட்டும்.

பிப்ரவரி 6
மறுபடியும் மொட்ட. குச்சிய எடுத்துட்டு போனா தட்டு ஓரத்துல மூணு இடத்துல மஞ்ச குங்குமம், அம்மாயி வேலை. ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் பாத்தா மண்ணுல குளம் மாதிரி தண்ணி நிக்குது, "பாவம், காஞ்சு கெடக்குது கண்ணு"ன்னு ரெண்டு சொம்பு ஊத்தியிருக்கு. செங்கல்ல தேடிட்டு இருக்கேன்.